முன்னே போகிறவன்

கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாத ஒருவனிடமிருந்து நாம் ஒன்றைப் பெற்றுக்கொண்டால், அவனுக்கு நாம் கடன்பட்டவர்களா, இல்லையா? வக்கீல்கள் பேச வேண்டிய விஷயம்போல இது தோன்றும். கோர்ட்டில் கேட்டால் பதில் சுலபம். பத்திரம் எங்கே, சாட்சி யார், கை மாறிய பொருள் என்ன என்று கேட்டுவிட்டு வழக்கைத் தள்ளிவிடுவார்கள். மனச்சாட்சியின் முன்னால் காரியம் அத்தனை சீக்கிரம் முடிவதில்லை.

இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டது தத்துவ நூல் எதுவும் அல்ல, ஒரு விளையாட்டு. பாராகிளைடிங் என்று அதற்குப் பெயர். துணியால் ஆன ஒரு பெரிய சிறகு, அதிலிருந்து தொங்கும் மெல்லிய கயிறுகள், கயிறுகளின் அடியில் ஓர் இருக்கை. சாமான் அவ்வளவுதான். எல்லாவற்றையும் மடித்து மூட்டையாக முதுகில் போட்டுக்கொண்டு மலையேறிவிடலாம். எஞ்சின் கிடையாது. சரிவில் சிறகை விரித்துப்போட்டு, காற்றுக்கு எதிர்முகமாக நாலைந்து எட்டு ஓடினால் கால் தரையை விட்டுவிடுகிறது. பாராசூட் மனிதனைப் பத்திரமாகக் கீழே இறக்குவதற்காக ஏற்பட்டது. இதுவோ அவனை மேலே ஏற்றி, ஊர் ஊராகக் கடத்திக்கொண்டு போவதற்காக ஏற்பட்டது.

சும்மா பறப்பதோடு மனிதன் திருப்தி அடைவானா? பந்தயம் வைத்துவிட்டான். ஆஸ்திரியாவில் கோஸ்ஸென் என்ற ஊரில் 1989இல் முதல் உலகப் போட்டி நடந்தது. இன்ன இடத்தில் புறப்பட்டு, இன்ன இன்ன திருப்பங்களைத் தொட்டு, இன்ன இடத்தில் போய்ச் சேர வேண்டும் என்று அன்றன்றைக்கு வழி குறித்துக் கொடுப்பார்கள். அறுபது, எண்பது, நூறு கிலோமீட்டர்கூட இருக்கும். நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்துப் பீர் என்ற ஊருக்கு மேலே, ஏறக்குறைய 2400 மீட்டர் உயரத்தில், பில்லிங் என்ற மலைத்தளம் இருக்கிறது. 2015இல் உலகக் கோப்பைப் பந்தயம் ஒன்று முதல் தடவையாக இந்தியாவுக்கு வந்தபோது அங்கேதான் நடந்தது. 2018இல் இந்தோனேசியாவில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் இதையும் புதிதாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஜாவாத் தீவின் மலைகளிலிருந்து தேசத்துக்கு ஒரு கோஷ்டியாகப் பறந்தார்கள். நேபாளம் அந்த விளையாட்டுகள் முழுவதிலும் பெற்றது ஒரே ஒரு பதக்கம். அது ஆண்கள் அணி தூரப் பறத்தலில் வாங்கிய வெள்ளிப் பதக்கம். மலையைத் தவிர வேறு சொத்து அதிகம் இல்லாத தேசத்துக்கு அந்த மலையே ஒரு பதக்கத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

பிறகுதான் அந்தப் பந்தயத்தின் உள் விவகாரத்தைப் படித்துப் பார்த்தேன். அதில்தான் இந்தக் கேள்வி ஒளிந்திருந்தது.

எஞ்சின் இல்லாத சிறகு தானாக மேலே போகாது. பத்து மீட்டர் முன்னே போவதற்குள் ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கிவிடும். மேலே ஏற்றுவதற்கு வெயில்தான் வர வேண்டும். வெயில் எல்லா நிலத்தையும் ஒரே மாதிரி சுடுவதில்லை. மொட்டைப் பாறையும் உழுது போட்ட புன்செயும் சீக்கிரம் சூடேறிவிடும். நஞ்சை வயலும் குளமும் தாமதிக்கும். சூடேறிய தரைக்கு மேலே உள்ள காற்று இலேசாகித் தூண்போல மேலே எழும். அதைத் தெர்மல் என்கிறார்கள். எனக்குக் காற்றூற்று என்று சொல்லத் தோன்றுகிறது. தாமிரபரணி மணலில் எங்கே தோண்டினால் ஊற்றுச் சுரக்கும் என்று நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்திருந்ததுபோல, எந்தப் பாறைக்கு மேலே காற்றூற்று இருக்கும் என்று பருந்துக்குத் தெரியும். நெல்லையப்பர் கோபுரத்துக்கு மேலே நடுப்பகலில் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு வட்டமிட்டு உயரே போகிறதே, அது அந்த ஊற்றில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. பந்தயக்காரனும் அப்படியே வட்டமிட்டு ஏறி, உச்சிக்குப் போனதும் அடுத்த ஊற்றைத் தேடிச் சறுக்கிக்கொண்டு போகிறான்.

சங்கடம் என்னவென்றால், ஊற்று கண்ணுக்குத் தெரியாது. மேகமும் பறவையும் கொஞ்சம் துப்புக் கொடுக்கும். நம்பிப் போகக்கூடிய அடையாளம் ஒன்றுதான்: அங்கே ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கும் இன்னொரு மனிதன். ஆகையால் முன்னே போகிறவன் இருட்டில் கால் வைக்கிறான். பின்னே வருகிறவர்கள் அவனைப் பார்த்துக் கால் வைக்கிறார்கள். அவன் ஓர் ஊற்றைக் கண்டுபிடித்தால் அதை ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாது. அவன் உடம்பு மேலே போவதே ஊருக்கெல்லாம் தண்டோராப் போட்ட மாதிரி. சொந்த அணிக்காரன் மட்டுமல்ல, எதிரணிக்காரன் முப்பது பேரும் நேரே வந்து அதில் ஏறிக்கொள்ளுவார்கள்.

அவன் ஊற்றைக் காணாமல் தாழ்ந்து போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பின்னால் வருகிறவர்களுக்கு லாபம்தான். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது. வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள். அவன் ஏதோ ஒரு வயலில் இறங்கி, வரப்பில் உட்கார்ந்து சிறகை மடித்துக்கொண்டிருப்பான். அவன் தோல்வியைப் பார்த்து வழி தெரிந்துகொண்டவர்கள் அவன் தலைக்கு மேலே பறந்து போவார்கள். வெற்றியும் பிறருக்கு, தோல்வியும் பிறருக்கு என்று ஆகிவிட்ட மனிதன் அவன்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நஞ்சை வைத்திருக்கும் என் தாய்மாமனிடம் இதைச் சொன்னேன். பறப்பதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முன்னே இருப்பதும் பின்னே இருப்பதும் என்னவென்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் முடிய எட்டு அணைக்கட்டுகளைக் கொண்ட ஆற்றின் கரையில் பிறந்தவர் அல்லவா!

"தண்ணியிலே தலைமடைக்காரந்தான் ராசா, மருமவனே. அவன் மடையைத் தொறந்து வச்சிக்கிட்டான்னா கடைமடைக்காரன் வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான். நீ சொல்லுத ஆட்டத்துலே எல்லாம் தலைகீழால்லா இருக்கு! முன்னால போறவன் கஷ்டப்படுதான். பின்னால வாறவன் சொகமா ஏறிப் போறான்" என்றார்.

"அதைத்தான் மாமா யோசிக்கேன். அப்படீன்னா பின்னால வாறவன் அவனுக்கு என்ன செய்யணும்?"

"என்ன செய்ய? முறை வைக்கணும். தண்ணி பத்தாத வருசம் நாங்க முறை வச்சுத்தானே பாய்ச்சுதோம். இன்னைக்கு நீ முன்னால போ, நாளைக்கு நான் போறேன்னு வச்சுக்கிட வேண்டியதுதான்."

அவருக்கு அது அவ்வளவு லேசான விஷயம். ஆனால் முறை வைப்பது ஒரே வாய்க்காலில் நிலம் உள்ளவர்களுக்குச் சரி. ஒருவனை ஒருவன் ஜெயிக்க வந்தவர்கள் முறை வைப்பார்களா? வைக்கத்தான் வேண்டுமா?

வேண்டாம் என்று சொல்லுகிறவர்களிடமும் நியாயம் இல்லாமல் இல்லை. தர்க்கத்தில் கெட்டிக்காரரான நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "காற்று யாருடைய சொத்து? முன்னே போனவன் உங்களுக்காகவா போனான்? தான் ஜெயிப்பதற்காகப் போனான். அவன் எடுத்த ஆபத்து அவனுடைய லாபக் கணக்கில் சேர்ந்தது. அவனைப் பார்த்ததினால் அவனுக்கு ஒரு குறைவும் இல்லை. ஒருவன் தன் வீட்டில் ஏற்றிய விளக்கின் வெளிச்சம் தெருவில் விழுகிறது. நடந்து போகிறவன் எல்லாம் எண்ணெய்க்குக் காசு கொடுக்க வேண்டுமா?"

கொடுக்க வேண்டாம்தான். ஆனால் இரவு முழுவதும் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து பாடம் படித்துப் பாஸ் செய்த பையன், "அந்த வீட்டுக்காரருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டால் நமக்கு என்னவோபோல் இருக்கிறது அல்லவா? அந்த என்னவோவைத்தான் நான் பிடித்துப் பார்க்க விரும்புகிறேன். கொடுத்தவன் எண்ணாததினால் கடன் இல்லை என்று ஆகிவிடுமானால், வாங்கியவனுடைய அறிவுக்கு ஒரு வேலையும் இல்லாமல் போய்விடும். எனக்கு என்ன கிடைத்தது, யார் வழியாகக் கிடைத்தது என்று எனக்குத் தெரியும். அந்தத் தெரிவு ஒன்று போதும், என்னைக் கடன்காரனாக்க.

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆறு ஓடுகிறது. பாலம் வருவதற்கு முன்னே வெள்ள காலத்தில் அதைத் தாண்டுவது உயிர் விளையாட்டு. சுலோசன முதலியார் என்ற கனவான் தன் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கொடுத்ததினால் 1843இல் பாலம் வந்தது. அவர் பெயரைத்தான் பாலத்துக்கு இன்றும் சொல்லுகிறோம். கொடுக்க நினைத்துக் கொடுத்தவரை ஊர் மறக்கவில்லை, நல்லது. ஆனால் பாலத்துக்கு முந்திய எத்தனையோ வருஷங்களில், எந்த இடத்தில் இடுப்பளவு, எந்த இடத்தில் கழுத்தளவு என்று எப்படித் தெரிந்தது? எவனோ ஒருவன் முதலில் இறங்கிப் பார்த்தான். இன்னொரு இடத்தில் இறங்கினவன் கரையேறவில்லை. அங்கே யாரும் இறங்கக்கூடாது என்று ஜனங்கள் தெரிந்துகொண்டார்கள். இந்த இரண்டாவது ஆள்தான் என் மனத்தை உறுத்துகிறவன். அவனுக்குப் பாலமும் இல்லை, பெயரும் இல்லை. அவனால் பிழைத்தவர்களுக்கோ கணக்கில்லை.

இவ்வளவு தூரம் போவானேன்? நான் எழுதத் தொடங்கிய காலத்தில் எங்கள் ஊரில் ஒருவர் கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டு ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். பதினோரு இதழ் வந்தது, பன்னிரண்டாவது வரவில்லை. எந்த ஊர்க் கடைக்காரர் விற்ற காசை ஒழுங்காக அனுப்புவார், எந்தக் காகிதம் மழைக்காலத்தில் ஊறிப் போகும், எத்தனை பிரதிக்கு மேலே அச்சடித்தால் கட்டுக்கட்டாகத் திரும்பி வரும் என்பதெல்லாம் அந்தப் பதினோரு மாதத்தில் எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. பிற்பாடு எங்களில் இரண்டு மூன்று பேர் பத்திரிகை நடத்திப் பிழைத்தார்கள். அவரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், "பாவம், விவரம் போதாது" என்பார்கள். அவர்களுடைய விவரம் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் யோசித்ததில்லை. முதலில் புது நெல் விதையை விதைத்தவன், கிராமத்திலிருந்து முதலில் பெண்ணைப் படிக்க அனுப்பியவன் எல்லாருக்கும் இதே கதிதான். பலித்தால் எல்லாரும் அப்படியே செய்வார்கள். பலிக்காவிட்டால், "நான் அப்போதே சொன்னேன்" என்று எல்லாரும் சொல்லுவார்கள்.

பந்தயம் நடத்துகிறவர்கள் இந்த அநியாயத்தைக் கவனிக்காமல் இல்லை. எல்லாருமே பின்னால் தங்கி, இன்னொருவன் போகட்டும் என்று உச்சியில் வட்டமிட்டுக்கொண்டே இருந்தால் பந்தயம் எப்படி நடக்கும்? ஆகவே போன தூரத்துக்கும் எடுத்த நேரத்துக்கும் மதிப்பெண் போடுவதோடு, வழியில் முன்னணியில் பறந்ததற்கென்றும் தனியாகச் சில புள்ளிகள் கொடுக்கிறார்கள். மற்றொரு விதியும் உண்டு. அடிபட்டு விழுந்த ஒருவனுக்கு உதவுவதற்காகப் பந்தயத்தை விட்டு இறங்குகிறவன், அதனால் நஷ்டப்படாமல் பார்த்துக்கொள்ள நடத்துகிறவருக்கு அதிகாரம் இருக்கிறது.

இந்த இரண்டு விதிகளும் ஒரே ஜாதி என்று நான் முதலில் நினைத்தேன். யோசிக்க யோசிக்க வித்தியாசம் தெரிந்தது. முன்னே பறந்ததற்குப் புள்ளி கொடுப்பது கூலி. கூலி கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்துவிட்டதென்று நினைக்கத் தோன்றும். அதுவே கூலியின் சௌகரியம். ஆபத்தில் உதவ இறங்கியவனுக்குச் செய்வது கூலி அல்ல. அவன் லாபம் அடைய வேண்டும் என்று விதி சொல்லவில்லை. நஷ்டம் அடையக்கூடாது என்று மட்டும் சொல்லுகிறது. ஒரு சமூகம் நல்ல மனிதனுக்குச் செய்ய வேண்டிய காரியத்தின் அளவு இதுதான் என்று எனக்குப் படுகிறது. நல்லதற்குப் பரிசு வைத்தால் பரிசுக்காக நல்லது செய்கிறவன் கிளம்பிவிடுவான். நல்லது செய்தவனை நஷ்டப்பட விட்டாலோ, அடுத்தவன் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகக் கற்றுக்கொள்ளுவான். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய வரப்பு இருக்கிறது. விதி அந்த வரப்பில் நடக்கப் பார்க்கிறது. ஆனால் எந்த விதியாலும் ஒருவனை இறங்க வைக்க முடியாது. மேலே ஏறிக்கொண்டிருக்கிறபோது, வெற்றி கண்ணுக்கெதிரே இருக்கிறபோது, கீழே கிடக்கிறவனைப் பார்த்து இறங்குவது அவனவன் மனசைப் பொறுத்தது.

பின்தொடர்வதில் அபாயமும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் கணக்கு முழுமையாகாது. 2007 பிப்ரவரியில், ஆஸ்திரேலியாவில் மனில்லா என்ற இடத்தில் நடக்கவிருந்த உலகப் போட்டிக்காகப் பழகிக்கொண்டிருந்த ஜெர்மன் அணி வீராங்கனை ஏவா விஷ்னியெர்ஸ்காவை இடிமேகம் ஒன்று உள்ளே உறிஞ்சிக்கொண்டது. 9946 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிப் போயிற்று. அது எவரெஸ்டைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் அதிகம். மூச்சுக் காற்றுப் போதாமல் நினைவிழந்து, பனி உறைந்து, எப்படியோ உயிரோடு இறங்கினார். அதே நாளில் அதே புயலில் சிக்கிய சீன வீரர் ஒருவர் பிழைக்கவில்லை. ஏறுவதுதான் இந்த விளையாட்டில் எல்லாரும் தேடும் வரம். அந்த வரமே அன்றைக்கு எமனாக வந்தது. 2011இல் ஸ்பெயினில் பியெட்ராஹீட்டாவில் நடந்த உலகப் போட்டியில் இரண்டு பேர் இறந்துபோக, போட்டியை நிறுத்திவிட்டார்கள். வேகத்துக்கென்றே செய்யப்பட்டு, பொதுவான பாதுகாப்புச் சோதனைக்கு உட்படாத சிறகுகளைப் பெரிய போட்டிகளில் அதன் பிறகு அனுமதிக்கவில்லை. அவன் வைத்திருக்கிறான், ஆகவே நானும் வைத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொருவனும் நினைக்கிற இடத்தில் யார்தான் முன்னே போகிறவன், யார் பின்னே வருகிறவன்? எல்லாரும் எல்லாரையும் பின்தொடர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே முன்னே போகிறவனுக்கு நாம் பட்ட கடனைக் கண்மூடிப் பின்பற்றித் தீர்த்துவிட முடியாது. அவன் தன் கண்ணால் பார்த்துப் போனான். அவனைப் பார்த்து நாமும் நம்முடைய கண்ணைத் திறந்துகொண்டால்தான் அவன் போனதற்கு மரியாதை.

என் மாமா சொன்ன முறைக்குத் திரும்பி வருகிறேன். 2016 அக்டோபரில் பிரேசில் நாட்டின் வடகிழக்கில், தோனிசெத்தே லெமோஸ், ரஃபேல் சலாதினி, சாமுவேல் நாசிமெந்தோ என்ற மூன்று பேர் ஒரே நாளில் 564 கிலோமீட்டர் பறந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு நேர்கோடு இழுத்தால் ஏறத்தாழ அந்தத் தூரம் வரும். அன்றைக்கு அது உலக சாதனை. பிற்பாடு அதையும் தாண்டிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது தூரம் அல்ல. மூவரும் சேர்ந்து பறந்தார்கள். சாதனையும் மூவருக்கும் பொது. ஒருவன் ஊற்றைத் தேடித் தாழ்ந்தபோது மற்றவன் கண்டுபிடித்தான்; அவன் தடுமாறியபோது இன்னொருவன் முன்னே போனான். இப்படி இல்லாமல் அத்தனை தூரம் அவர்கள் சேர்ந்து போயிருக்க முடியாது. தனித்தனியாக ஜெயிக்க நினைத்திருந்தால் மூன்று பேருமே வழியில் எங்காவது இறங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தேச அணிகளின் பந்தயத்திலும் இதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அணியில் உள்ள எல்லாருடைய புள்ளிகளையும் கூட்டுவதில்லை. ஒவ்வொரு நாளும் அணிக்குள்ளே முதலில் வந்த சிலருடையதை மட்டும் கூட்டுகிறார்கள். அதனால்தான் ஒருவன் துணிந்து முன்னே போய் வழி தேட முடிகிறது. அவன் தாழ்ந்து வயலில் இறங்கினாலும் அணி தாழ்வதில்லை. அவனுடைய அன்றைய புள்ளி கணக்கில் சேராது. ஆனால் அணி ஜெயித்தால் பதக்கம் அவன் கழுத்திலும் விழுகிறது. கணக்கில் சேராதவனுக்கும் பதக்கத்தில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட இந்த ஏற்பாட்டை, எந்த நீதி சாஸ்திரத்துக்கும் குறையாத புத்தி படைத்தவர்கள் செய்திருக்க வேண்டும்.

விளையாட்டில் இது சாத்தியமாகிறது, ஏனென்றால் அணி எது என்று அங்கே எழுதி வைத்திருக்கிறது. வாழ்க்கையில் யார் நம் அணி என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. தோற்றுப்போன பத்திரிகைக்காரர் எனக்கு அணிக்காரரா, அந்நியரா? ஆற்றில் மூழ்கியவன் யார் அணி? இதற்கு எனக்குத் தெரிந்த பதில், எவனுடைய தோல்வியிலிருந்து நான் வழி தெரிந்துகொண்டேனோ அவன் என் அணிக்காரன் என்பதுதான். அவனுக்குப் பணமாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. பெரும்பாலும் அவன் யார் என்றே தெரியாது. அவனைப் பார்த்துச் சிரிக்காமலாவது இருக்கலாம். அது கடனுக்கு வட்டி.

முதலை அடைக்க ஒரு வழிதான் இருக்கிறது. நாம் உச்சியில் பத்திரமாக வட்டமிட்டுக்கொண்டு, யாராவது முன்னே போகட்டும் என்று பக்கத்தில் உள்ளவன் முகத்தைப் பார்க்கிற சமயங்கள் எல்லாருக்கும் வரும். ஒரு கூட்டத்தில் முதலில் எழுந்து நிற்க வேண்டிய சமயம். ஒரு மனுவில் முதலில் கையெழுத்துப் போட வேண்டிய சமயம். ஜாதியும் உறவும் என்ன சொல்லுமோ என்று எல்லாரும் தயங்குகிற வீட்டில் முதலில் கை நனைக்க வேண்டிய சமயம். இதுவரை எத்தனை பேர் முதுகைப் பார்த்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தோம் என்பது அப்போது நினைவுக்கு வந்தால், அதற்கப்புறம் விவாதம் தேவையில்லை. வாய்க்காலில் முறை மாறிவிட்டது என்று தெரிந்த சம்சாரி, நடுராத்திரியானாலும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். யாரும் வந்து அவனை எழுப்புவதில்லை.